கொள்ளைநோயும் நம் பிரயாணமும்

விவாகம், வளைகாப்பு, திருவிழா, சாவு என்று செய்தி வந்தால் நம்மவர் வீட்டில் தங்கியிரார். நாகப்பட்டினத்துக்கும் தஞ்சைக்கும் 1861-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை ஏற்பட்டபின் நம் கொள்வினை கொடுப்பினை தூர ஊர்களுக்கும் விரிந்தமைக்கு ரயில் வண்டியும் ஒரு காரணமென்பது நமது துணிபு.

அவ்வண்டியே நோயையும் சுமந்ததுண்டு. 1918-இல் விஷக்காய்ச்சல் பம்பாய்த் துறைமுகத்திலிருந்து இருப்புப்பாதை வழியே தேசமெங்கும் பரவிற்று. ஆயினும் அன்று ரயில்களை முற்றும் நிறுத்தினாரில்லை. அதற்கு முன்னரே, பம்பாயில் கண்ட பிளேக்கின் பொருட்டு 1897-இல் இயற்றிய தொற்றுநோய்ச் சட்டம், ரயிலில் வருவோரைச் சோதிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தந்திருந்தது. அச்சட்டமே 2020-இலும் கையாளப்பட்டது.

2020 பிப்ரவரி 5-இல் தஞ்சைப் பெருவுடையார் ஆலயத்துக்கு 23 ஆண்டுகளுக்குப் பின் கும்பாபிஷேகம். லட்சக்கணக்கான ஜனங்கள் கூடினர். ஏழு வாரங்கூடச் செல்லவில்லை; மார்ச் 22-இல் தேசமெங்கும் பிரயாணிகள் வண்டிகள் நின்றன. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. ஜூன் 12-இல் மேட்டூர் அணை எட்டாண்டுகளுக்குப் பின் உரிய நாளில் திறக்கப்பெற்றது. காவிரி வந்தாள், உறவினர் வரக்கூடவில்லை.

மாவட்டம் கடக்க இ-பாஸ் என்னும் அநுமதி வேண்டியிருந்தது. பழைய தஞ்சை ஜில்லா ஒன்றாயிருந்து, 1991-இல் நாகப்பட்டினமும் 1997-இல் திருவாரூரும் பிரிந்தமையால், கும்பகோணத்தார் மாயவரத்துக்குப் போவதும் அயல் மாவட்டப் பிரயாணமாயிற்று. ஜூன் மாதத்தில் சிறிது தளர்வு உண்டு; அம்மாதம் 1-ஆம் தேதி கோயம்புத்தூர்–மாயவரம் வண்டி ஓடத் தொடங்கி, மாதமுடிவில் மீண்டும் நின்றது. அநுமதிமுறை நீங்கியது ஆகஸ்ட் கழிந்த பின்னரே.

விவாகத்துக்கு 50 பேர், சாவுக்கு 20 பேர் என்பது விதி. விவாகம் ஒருவாறு கைப்பேசியில் கண்டு களிக்கத்தக்கதாயிற்று. மொய்யும் அவ்வழியே சென்றது. (மொய் எழுதும் நோட்டுக்கு வேலை குறைந்ததில் நம் கணக்குப்பிள்ளைமார்க்கு வருத்தமிராது.) சாவோ அவ்வாறன்று. கோடித்துணி எடுத்துச் செல்ல வேண்டிய பிறந்த வீட்டாரும், நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டிய பேரன்மாரும் வரக்கூடாமற்போன வீடுகள் நம்முள் பல. சாவுக்கு வாராமை உறவை அறுத்தற்கு அறிகுறியென்பது நம் வழக்கமாதலின், அந்நாளில் வாராதவரை இன்றும் குறைகூறும் குடும்பங்கள் உள. வழி அடைபட்டிருந்த காலத்துக் குறையை உறவின்மேல் ஏற்றுவது எவ்வாற்றானும் முறையன்று. துக்கம் விசாரிக்க விடுபட்டவர் இப்பொழுது சென்றாலும் அதனை ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

வண்டிகள் திரும்பியபோது பாசஞ்சர் வண்டிகளும் எக்ஸ்பிரஸ் கணக்கில் சேர்ந்து, 10 ரூபாயாயிருந்த மிகக் குறைந்த கட்டணம் 30 ரூபாயாயிற்று. அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகும் கிழவிக்கு இஃது அநியாயமே. 2024 பிப்ரவரியிலேதான் பழைய கட்டணம் மீண்டது. அதற்குள் நம் இளைஞர் மோட்டார் சைக்கிளுக்குப் பழகிவிட்டனர். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்டிர்க்குக் கட்டணமில்லை. ஆகவே முன்போல் அவர்களை ரயிலடியில் காண்பது அரிதாயிருக்கிறது.