சாதகப் பொருத்தத்தின் சமூக அடிப்படை: திருகோணமலையை முன்னிறுத்திய சில குறிப்புகள்

திருகோணமலைத் துறைமுகப் பட்டினத்திலும் அதனைச் சூழவுள்ள ஊர்களிலும் கலியாணப் பேச்சு பெரும்பாலும் குறிப்புக் கைமாறுவதோடுதான் தொடங்குகின்றது. சாத்திரியார் ‘பொருந்தாது’ என்றால் பேச்சு அவ்வளவில் நின்றுவிடும். எவருக்கும் மனத்தாங்கல் இல்லை. இதனை மூடநம்பிக்கை என நகைத்து ஒதுக்குவது நம் முற்போக்காளரிடையே நெடுநாள் வழக்கம். நகைத்தவருட் சிலர் தம் மக்களின் குறிப்புகளைப் பத்திரமாகவே வைத்திருந்தனர் என்பது வேறு கதை. ஒரு வழக்கம் நூற்றாண்டுகள் நிலைபெறுமாயின் அது யாருக்கோ பயன்படுகின்றது. அப்பயனைத் தேடுவதே ஈண்டு நோக்கம்.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தலைவன் தலைவியரிடையே அமையவேண்டிய ஒப்புமைகளைப் பத்தென வகுக்கின்றது. பிறப்பு, குடிமை, ஆண்டு, உருவு, அருள், திரு என்பன அவற்றுட் சில. நட்சத்திரம் அப்பட்டியலில் இல்லை. அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாடல்கள் காட்டும் மணங்கள் திங்கள் உரோகிணியைக் கூடும் நன்னாளில் நிகழ்வன என்பர் உரையாளர். அங்கு வான்நிலை மணநாளைத் தெரிவதற்கே பயன்பட்டது, மணமக்களை ஒப்பிடுவதற்கன்று. பிறப்பும் குடிமையும் திருவும் அன்று ஒளிவுமறைவின்றிப் பேசப்பட்டன என்பது மனங்கொளத்தக்கது.

பின்வந்த பத்துப் பொருத்தங்களோ தினம், கணம், யோனி, இராசி, வசியம், ரஜ்ஜு, வேதை என முற்றிலும் வேறு மொழியிற் பேசுகின்றன. ஈழத்தில் எழுந்து இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதாகக் கருதப்படும் சரசோதிமாலை, 1310இல் தம்பதெனிய அரசவையில் அரங்கேறிய சோதிட நூலே. போசராச பண்டிதர் இயற்றியது. யாழ்ப்பாண அரசரின் ஆதரவில் எழுந்த செகராசசேகரமாலையும் சோதிடமே. அரசவையும் கோயிலும் நிலமும் பிணைந்திருந்த சூழலில் இவ்வறிவு பேணப்பட்டமை தற்செயலன்று.

முறையின் உள்ளமைப்பைச் சற்று நோக்குவோம். நட்சத்திரப் பொருத்தத்துக்கு வேண்டியது, பிறந்தபோது திங்கள் நின்ற நட்சத்திரம் ஒன்றே. அது மாற ஏறக்குறைய ஒரு நாள் ஆகும்; ஆகவே ஒரே நாளிற் பிறந்தோர் பெரும்பாலும் ஒரே கணக்குக்குள் அடங்குவர். எண்ணுவது பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து. ஸ்திரீ தீர்க்கத்தில் ஆணின் நட்சத்திரம் எட்ட இருப்பது சிறப்பு. வட இந்தியாவில் வழங்கும் 36 புள்ளி முறையில் வர்ணப் பொருத்தம் என ஒன்றும் உண்டு: பன்னிரண்டு இராசிகளும் நான்கு வர்ணங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன, பெண்ணின் இராசி ஆணினதை விட உயர்ந்த வர்ணமாயிருத்தல் ஆகாது. நிலத்திலுள்ள படிநிலை வானில் ஏற்றப்பட்டு, வானின் கட்டளையாக மீண்டும் நிலத்துக்கு இறங்குகின்றது.

வாய்வழக்கு இன்னும் வெளிப்படையானது. மூலம் மாமனுக்கும், ஆயிலியம் மாமிக்கும், கேட்டை கணவனின் தமையனுக்கும், விசாகம் கொழுந்தனுக்கும் ஆகாதாம். கூட்டுக்குடும்பத்துக்குள் வரும் புதியவளைப் பற்றிய அச்சம் இது. ஆயின் கிழக்கிலங்கையில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்வதும், மருமகன் பெண்வீட்டுக்கு வருவதும் பெருவழக்கு. ஆயிலியத்தாள் மாமியோடு ஓரடுப்பில் உலைவைக்கப் போவதேயில்லை. பொருளியல் அடித்தளம் மாறுபட்ட இடத்திலும் கருத்துநிலை நூலோடு வந்து தங்கிவிட்டது. அடித்தளத்திலிருந்து யாவற்றையும் நேரே வருவிக்க முயலும் நம்மனோர்க்கு இது ஓர் எச்சரிக்கை. இங்கு அதன் பயன் வேறு: பெண்ணுக்கு ஒரு குறை ஏற்றப்படுகின்றது, சீதனம் உயர்கின்றது. செவ்வாய்க் குற்றத்தை எடுத்துக்கொள்வோம். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12ஆம் இடங்களிற் செவ்வாய் நின்றாற் குற்றம். விதிவிலக்குகளை நீக்கிப் பார்த்தால் பன்னிரண்டில் ஐந்து இடங்கள். இத்தனை பேரைக் குற்றவாளிகளாக்கும் விதி, பேரம் பேசுவோருக்கு எத்துணை வசதியானது! ஆணுக்கும் இக்குற்றம் உண்டெனினும், அதன்பொருட்டு வீடுவளவு கூட்டிக்கேட்கப்படுவது பெண்ணின் தகப்பனிடமே.

செவ்வாய்க் குற்றம் காண நாள் போதாது, நாழிகையும் வேண்டும். இலக்கினம் ஏறக்குறைய இரண்டு மணிக்கொருமுறை மாறுவது. எனவே கடிகாரமும் அச்சிட்ட பஞ்சாங்கமும் இன்றியமையாதனவாயின. வாக்கியமும் திருக்கணிதமும் சிலவேளை வெவ்வேறு நட்சத்திரத்தைத் தருவன. வாக்கியத்தில் தவறிய சம்பந்தம் திருக்கணிதத்திற் கூடிவருதல் உண்டு. விரும்பிய சம்பந்தமாயின் அவ்விரண்டாம் பஞ்சாங்கம் தேடப்படும்.

கடிகாரமும் அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று. யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிய 1942இல் இலங்கையின் நேரம் முன்தள்ளப்பட்டு, 1945 வரை அவ்வாறே இருந்தது. 1996 மே மாதம் மீண்டும் ஒரு மணி நேரம் முன்தள்ளி, அக்டோபரில் அதில் அரைமணியைக் குறைத்தனர். 2006 ஏப்ரலிலேயே பழைய நேரம் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகள் இம்மாற்றத்தை ஏற்கவில்லை. 2002 போர்நிறுத்தத்தின்போது சம்பூர் உள்ளிட்ட மூதூர் கிழக்கு அவர்கள் வசம் இருந்தது. கொட்டியாரக் குடாவின் ஒரு கரையில் ஒரு நேரம், மறுகரையில் அரைமணி பிந்திய நேரம். அவ்வரைமணி பிழைத்தால் ஏறத்தாழ நான்கிலொரு சாதகத்தில் இலக்கினமே மாறிவிடும், செவ்வாயும் இடம்பெயரும்.

அக்காலத்துப் பிள்ளைகள் இப்பொழுது மணவயதில் உள்ளனர். குறிப்பை விரித்ததும் பெண்ணின் தாயிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று புதிதாகச் சேர்ந்துள்ளது: பிள்ளை பிறந்தது பழைய நேரத்திலா, புதிய நேரத்திலா?