முத்தா: ஒரு பெயரும் மூன்று கோணல்களும்

பாலி மொழியில் உள்ள 'தேரிகாதை' பௌத்தப் பிக்குணிகளின் 73 பாடல்களைக் கொண்ட தொகுப்பு. அதில் 11ஆவது பாடல் முத்தா என்பவருடையது. மொத்தம் மூன்றே வரி. நன்றாக விடுபட்டேன் என்கிறார் முத்தா. எவற்றிலிருந்து என்றால், மூன்று கோணல்களிலிருந்து: உரல், உலக்கை, கூனல் கணவன். பிறப்பு இறப்பிலிருந்து விடுபட்டதை அதற்கப்புறம்தான் சொல்கிறார். இந்த வரிசையைத் தற்செயல் என்று என்னால் தள்ள முடியவில்லை.

பாட்டின் உயிர் அவர் பெயரில் இருக்கிறது. பாலியில் 'முத்தா' என்றால் விடுபட்டவள். வடமொழி 'முக்தா' பாலியில் இப்படி ஆகும். முக்தி நமக்கு முத்தியாகவும் பக்தி பத்தியாகவும் வந்த தடமும் இதுவே. ஆனால் அதே 'முத்தா'வுக்கு முத்து என்றும் பொருள் உண்டு. பெண் குழந்தைக்கு விடுதலை என்று எந்த வீட்டில் பெயர் வைப்பார்கள்? நம் ஊரில் முத்தம்மாள், முத்துலட்சுமி என்று வைப்பதுபோல மகளை முத்து என்று கொஞ்சித்தான் வைத்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

முத்தைக் குறிக்கும் 'முக்தா'வுக்குச் சிப்பியிலிருந்து விடுபட்டது என்று வடமொழியில் விளக்கம் சொல்வார்கள். டி. பர்ரோ போன்ற மொழியியலாளர்கள் இதைத் தலைகீழாகப் பார்த்தார்கள்: தெற்கத்திய 'முத்து' வடக்கே போய், அங்கே சமஸ்கிருதச் சாயம் பூசிக்கொண்டு 'முக்தா' ஆனது. எனக்கு இது பொருத்தமாகவே படுகிறது. கங்கைக் கரையில் முத்துக்குளிப்பு ஏது? அர்த்தசாஸ்திரம் முத்து வகைகளை அடுக்கும்போது தாம்ரபர்ணிகம், பாண்டியகவாடகம் என்று தென்கடல் பெயர்களையே முதலில் சொல்கிறது. சரக்கோடு பெயரும் போயிருக்கும்.

தேரிகாதையில் பெயரை வைத்துச் சொல் விளையாடுவது புதிதல்ல. தொகுப்பின் தொடக்கத்திலேயே இன்னொரு முத்தா வருகிறார். ராகுவிடமிருந்து சந்திரன் விடுபடுவதுபோலத் தளைகளிலிருந்து விடுபடு என்று அவருக்கு உபதேசம். புண்ணா என்றொருவரிடம், பௌர்ணமி நிலவுபோல நிறைந்திரு என்று அவர் பெயரை விரிக்கிறது பாட்டு. இவற்றில் எல்லாம் பெயருக்குப் பொருள் சொல்பவர் புத்தர், பெண் கேட்டுக்கொள்கிறாள். 11ஆம் பாட்டில் கதை மாறுகிறது. தன் பெயருக்கு முத்தாவே பொருள் சொல்கிறார், அதுவும் தன்மையில்.

பல நூற்றாண்டுகள் கழித்து இதற்கு உரை எழுதியவர் தம்மபாலர். மரபு இவரைத் தமிழ்நாட்டோடு சேர்த்தே பேசும். கோசல நாட்டில் ஓர் ஏழைப் பிராமணரின் மகள் முத்தா, கூனனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவர் என்கிறார் அவர். கணவனுக்குக் கூன், சரி. உரலும் உலக்கையும் எப்படிக் கூனாகும்? தம்மபாலர் இங்கே ஒரு வேலைக்காரப் பெண்ணைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்போல எழுதுகிறார். தானியத்தை உரலில் போடும்போதும், புரட்டிவிடும்போதும், உலக்கையால் குத்தும்போதும் முதுகு வளைந்தாக வேண்டும். கூனலுக்குக் காரணம் என்பதால் அவையும் கூன் எனப்பட்டன. அருமையான உரை. ஆனால் மூன்றாவதற்கு வந்ததும், அவள் கணவன் நிஜமாகவே கூனன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். முதுகை வளைக்கும் காரணத்தால் உரல் கூன் என்றால், புருஷனுக்கும் அதே இலக்கணம் செல்லாதா? உரைகாரர் அந்த இடத்தில் ஆண் பிள்ளையாக இருந்துவிட்டார்.

உலக்கைக்கும் பாட்டுக்கும் நம்மிடம் பழைய உறவு உண்டு. குத்தும்போது பாடும் வள்ளைப்பாட்டு சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வருகிறது. அங்கே புகார்ப் பெண்கள் கரும்பை உலக்கையாக்கி முத்துக்களைக் குத்துகிறார்கள்! பாடுவது வேந்தர் புகழ். இளங்கோ காட்டும் அந்தப் பெண்களுக்கு முதுகு வலித்ததாகத் தெரியவில்லை.

தேரிகாதையில் வலி தெரிந்தவர் இன்னொருவரும் உண்டு. அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. சுமங்கலனின் தாய் என்றே தொகுப்பு அவரைக் குறிக்கிறது. உலக்கை, வெட்கங்கெட்ட கணவன், அவனுடைய குடை, நீர்ப்பாம்பு வாடை வீசும் பானை என்று அவரும் பட்டியல் போடுகிறார். நன்றாக விடுபட்டவள் என்று பொருள்படும் 'சுமுத்திகா' என்ற சொல்லால் தன்னைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொள்கிறார்.

ஆண் துறவிகளின் 'தேரகாதை'யிலும் சுமங்கலர் என்பவரின் பாட்டு இருக்கிறது. அதே சொல், ஆண்பாலில்: 'சுமுத்திகோ'. மூன்று கோணல்களிலிருந்து விடுபட்டதாக அவரும் பாடுகிறார். அவருக்கு அந்த மூன்றும் அரிவாள், கலப்பை, மண்வெட்டி. மனைவி அந்தப் பட்டியலில் இல்லை.