ஃபண்டஸ் என்றொரு அடி

கோவைக் கண்ணாஸ்பத்திரிகளில் சர்க்கரை நோயாளிகளுக்குச் சொட்டு மருந்து ஊற்றி, கண்பாப்பா விரியும்வரை உட்கார வைப்பார்கள். பிறகு கேமரா அறை. அங்கே எடுக்கும் படத்துக்கு ‘ஃபண்டஸ் போட்டோ’ என்று பெயர். ஊருக்குத் திரும்பியவரைக் கேட்டால் “கண்ணுக்குள்ள படம் புடிச்சாங்கோ” என்பார். ஃபண்டஸ் அவர் வாயில் நுழைவதில்லை, நுழைய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் அந்தச் சொல் கொங்குக்காரருக்கு அவ்வளவு அந்நியமல்ல. இலத்தீனில் ஃபண்டஸ் என்றால் அடி, அடித்தளம். வடமொழியில் அடியைக் குறிக்கும் ‘புத்ந’வும் ஆங்கிலத்தின் ‘பாட்டம்’மும் இதே குடும்பம். ரோமானியர் விளைநிலத்தையும் ஃபண்டஸ் என்றே சொன்னார்கள். இரண்டு ஏக்கர் தோட்டத்தை ‘பூமி’ என்று சொல்லும் நம் பேச்சுக்கு இது பொருந்தி வருகிறது. நிலத்தைக் குறித்த சொல் பிரெஞ்சு வழியாகப் போய் மூலதனத்தையும் குறித்து, ஆங்கிலத்தில் ‘ஃபண்ட்’ ஆனது. காந்திபுரத்துச் சிட் ஃபண்ட்ஸ் பலகையும் கண் மருத்துவர் சீட்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

உடற்கூறியலார் கையில் இந்தச் சொல் கொஞ்சம் விசித்திரமாகிவிட்டது. உள்ளே வெற்றிடமுள்ள உறுப்பில் வாய்க்கு எதிர்ப்புறம் இருப்பதெல்லாம் அவர்களுக்கு ஃபண்டஸ். கருப்பையின் வாய் கீழே இருப்பதால் அதன் ‘அடி’ மேலே போய்விட்டது! கண்ணுக்கு வாய் பாப்பா, அடி பின்சுவர். விழித்திரையும் நரம்பு வட்டும் இரத்தக் குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. உடம்பை அறுக்காமல் இரத்தக் குழாயை நேரில் பார்க்கக்கூடிய இடம் அது. ஜெர்மானியர் அதைக் ‘கண்ணின் பின்புலம்’ என்பார்கள். தமிழில் ‘கண்ணடி’ என்று சுருக்கலாம்தான், ஆனால் நோயாளி வேறுவிதமாக எடுத்துக்கொண்டால் வம்பு.

1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் கண்நோக்கியை வெளியிட்ட பிறகுதான் உயிருள்ள கண்ணின் அடி மருத்துவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதைப் படமெடுக்க இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. 1886இல் ஜாக்மனும் வெப்ஸ்டரும் மனிதக் கண்ணடியைப் படம் பிடித்தார்கள். ஒளி விழ வேண்டிய நேரம் இரண்டரை நிமிடம். அதுவரை கண் அசையக் கூடாது! படம் வெளியானது மருத்துவ இதழில் அல்ல, ‘பிலடெல்பியா போட்டோகிராஃபர்’ என்ற ஒளிப்பட இதழில். 1926இல் நார்டென்சன் வடிவமைத்த கேமராவை ஸைஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1961இல் நோவாட்னியும் ஆல்விஸும் கைச் சிரையில் ஃபுளோரசின் சாயம் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடுவதைப் படமெடுத்தார்கள். அந்தக் கட்டுரை வந்ததோ ‘சர்குலேஷன்’ என்னும் இதய மருத்துவ இதழில்.

இப்படி ஒளிப்படக்காரர் வீட்டிலும் இதய மருத்துவர் வீட்டிலும் திண்ணையில் படுத்துவந்த தொழிலுக்குச் சொந்த வீடு பிறகுதான் அமைந்தது. அமெரிக்காவில் 1969இல் கண் ஒளிப்படக்காரர்களின் சங்கம் உருவாயிற்று. 1978 முதல் ‘ஜர்னல் ஆஃப் ஆப்தால்மிக் போட்டோகிராஃபி’ என்ற இதழை அது நடத்தியது. எனக்கு அதில் பிடித்தது, மருத்துவரின் கேள்வியை விட்டுவிட்டுப் படமெடுப்பவரின் கேள்வியைக் கேட்பதுதான். இமை முடி நிழல் விழுந்தால், புரை மறைத்தால், பாப்பா விரிய மறுத்தால் என்ன செய்வது? இவையெல்லாம் மருத்துவக் கட்டுரையில் ஒரு வரிக்கு மேல் இடம் பெறாத விஷயங்கள். படம் மங்கினால் நோய்க்கணிப்பும் மங்கும் என்பது கேமரா அறையில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். ஃபிளாஷே இல்லாத ஓசிடி என்ற விழித்திரை ஸ்கேன் வந்த பிறகும் இதழ் பெயரில் ‘போட்டோகிராஃபி’யை விடவில்லை. அந்தப் பிடிவாதம் நல்லது என்றே நினைக்கிறேன்.

மீண்டும் கோவைக் கண்ணாஸ்பத்திரிகளுக்கு வருவோம். சங்கரா கண் மருத்துவமனை கோவையிலேயே தொடங்கியது. 1976இல் மதுரையில் பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனை 1997இல் கோவைக்கு வந்தது. 2016இல் கூகுள் ஆய்வாளர்கள் சர்க்கரை நோயின் விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியக் கணினியைப் பழக்கினார்கள். அதற்குப் பயன்பட்ட 1,28,175 கண்ணடிப் படங்களில் அரவிந்தின் படங்களும் உண்டு. அவற்றை மதிப்பிட்ட மருத்துவர்கள் 54 பேர் என்று அவர்களின் கட்டுரை எண்ணிச் சொல்கிறது. எடுத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு அதில் கிடையாது.