தாய்க் கொட்டாரம்: ராஜாவின் மனைவி எங்கே இருந்தாள்?

பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டில் இருக்கிறது, ஆனால் அதை நிர்வகிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற நான்கு தாலுகாக்களும் நம்மோடு சேர்ந்தபோது அரண்மனை மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. இதைப் பற்றி எழுதாத பயணக் கட்டுரை கிடையாது. தேங்காய்ச் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் கலந்து போட்ட கறுப்புத் தரை, அறுபத்து நான்கு மரத்துண்டுகளால் செய்த மூலிகைக் கட்டில், இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிட்ட ஊட்டுப்புரை, இவையும் அப்படித்தான். நான் எழுத நினைப்பது வேறொன்று. இந்த ஆறு ஏக்கர் சொச்சம் வளாகத்தில் மிகப் பழைய கட்டடத்தின் பெயர் தாய்க் கொட்டாரம். அம்மாவின் அரண்மனை. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது என்கிறார்கள். மந்திரசாலை, நவராத்திரி மண்டபம், நான்கு அடுக்கு உப்பரிகை மாளிகை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக அதைச் சுற்றி முளைத்தவை. முதலில் அம்மாவின் வீடு, அப்புறம்தான் ராஜாவின் சபை.

உலகத்தில் ராஜமாதாவுக்கென்று தனி அரண்மனை கட்டிய ஊர்கள் நிறைய. வியட்நாமின் பழைய தலைநகர் ஹுவேயில், கோட்டைக்குள்ளேயே, சக்கரவர்த்தி ஜியா லோங் 1804ல் தன் அம்மாவுக்குக் கட்டிய தியென் தோ மாளிகை இன்றும் நிற்கிறது. இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் சுல்தானின் தாய்க்கென்று தனி அறைத்தொகுதியே உண்டு. ஆனால் அங்கெல்லாம் அந்தப் பெண்ணுக்கு மரியாதை வந்தது ஒரு ராஜாவின் வீட்டுக்குள் வந்து இன்னொரு ராஜாவைப் பெற்றதால். தோப்காப்பியில் அப்படி உயர்ந்த பலர் அடிமையாக வாங்கி வரப்பட்டவர்கள். வேணாட்டில் கதை தலைகீழ். இங்கே ராஜரத்தமே அம்மா வழியாகத்தான் வந்தது. மகன் ராஜாவானதால் அவள் ராணி ஆகவில்லை, அவள் ராணி என்பதால் மகன் ராஜா ஆனான்.

இதையெல்லாம் போகும் முன்பே அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். நாங்கள் காட்டுப்பாக்கம். பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அரை கிரவுண்டில் வீடு. அம்மாவின் நகையை வைத்து வாங்கிய மனை, பத்திரமும் அம்மா பேரில். தெருவில் எல்லாருக்கும் அது "சார் வீடு"தான். "அம்மா வழி ராஜ்ஜியமா? நல்லாத்தான் இருக்கு கேக்கறதுக்கு" என்று மட்டும் சொன்னாள். எழும்பூரில் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் ஏறி, நாகர்கோவிலில் இறங்கி, வடசேரி பஸ் ஸ்டாண்டில் தக்கலை பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். திங்கட்கிழமை விடுமுறை, பார்த்துப் போங்கள்.

கோட்டைச் சுவருக்குள் சாதாரண ஊர் ஒன்று இருக்கிறது. வீடுகள், கடைகள், கோவில்கள், பின்னால் வேளிமலை. அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தால் முதலில் பூமுகம். கூரையில் தொண்ணூறு பூக்கள், ஒன்று போல ஒன்று இல்லை என்று அண்ணாந்து காட்டுவார்கள். அங்கிருந்து மரப்படி ஏறி, மந்திரசாலை தாண்டி, இறங்கி வளைந்து வந்தால் தாய்க் கொட்டாரம். இது நாலுகெட்டு வீடு. நடுவில் திறந்த முற்றம், நான்கு பக்கமும் அதை நோக்கிச் சரியும் கூரை, மூலைக்கொரு தூண். மழைத்தண்ணீர் முற்றத்தில் விழும், வெளிச்சமும் அது வழியாகத்தான். அரண்மனை என்று சொல்லிவிட்டு இதைக் காட்டினால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வசதியான ஒரு பெரிய வீடு, அவ்வளவுதான். உத்தரம் தாழ்வு, குனிந்துதான் நடக்க வேண்டும். எனக்கு உப்பரிகை மாளிகையைவிட இதுதான் பிடித்திருந்தது. அங்கே மேல்மாடி பத்மநாபசுவாமிக்கு என்று ஒதுக்கிச் சுவர் முழுக்க ஓவியம். இங்கே மனிதர்கள் இருந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

தென்மேற்கு மூலையில் ஏகாந்த மண்டபம். சின்னதுதான். அதில் ஒரே பலாமரத்தில் குடைந்த தூண் ஒன்று. கொடியும் பூவுமாக, கை வைத்தால் இடறும் அளவுக்கு நெருக்கமான வேலைப்பாடு. பலாமரம் காயக் காயத் தேன் நிறம் போய்க் கறுப்பேறும், நானூறு வருஷத்துக் கைபட்ட பளபளப்பு அதில் தெரிகிறது. இந்த வளாகத்தில் ஆபத்துக் காலத்தில் தப்பிப் போக, சாரோட்டுக் கொட்டாரம் என்ற இன்னொரு அரண்மனைக்குச் சுரங்கவழி இருந்ததாகவும் சொல்கிறார்கள். இப்போது அடைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுரங்கம் என்ற சொல் கேட்டதும் தூண் மறந்துபோனது.

அம்மா முற்றத்தை ஒரு சுற்று சுற்றி வந்து கேட்டாள்: "ஏன்டி, ராஜாவோட அம்மா இங்க இருந்தா, சரி. ராஜாவோட பொண்டாட்டி எங்க இருந்தா?"

அங்கே நின்ற ஊழியர்தான் பதில் சொன்னார். "அவங்களுக்கு இங்க எடம் கெடையாது பாத்துக்கிடுங்க. அவங்க அம்மச்சி. அம்மவீடுன்னு தனியா உண்டு."

"பொண்டாட்டிக்கு வீட்ல எடம் இல்லயா?"

"பொண்டாட்டி ராணி இல்லல்லா அம்மா."

இதைப் புரிந்துகொள்ள மருமக்கத்தாயம் தெரிய வேண்டும். நம் பேச்சில் மருமகன் என்றால் மகளின் கணவன். இதே சொல்தான் உடன்பிறந்தாள் மகனுக்கும். மருமக்கள் வழியில் சொத்து போவது இந்த இரண்டாமவருக்கு. அரசருக்குப் பிறகு அவர் மகன் இல்லை, அக்கா தங்கை வயிற்றுப் பிள்ளைதான் பட்டத்துக்கு உரியவன். ஆகவே அந்த அக்கா தங்கைதான் ராணிகள், ஆற்றிங்கல் தம்புராட்டிகள். ராணியை மணந்தவர் கோயில் தம்புரான், மனைவியின் குடிமகன் மாதிரி. மார்த்தாண்ட வர்மரின் அப்பா கிளிமானூர்க்காரர், பட்டத்தில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. அரசர் மணந்த பெண் அம்மச்சி. பிள்ளைகள் தம்பி, தங்கச்சி என்ற பட்டப் பெயரோடு நின்றுவிடுவார்கள். அருமனை, வடசேரி, திருவட்டாறு, நாகர்கோவில் என்று நான்கு அம்மவீடுகள் பின்னால் திருவனந்தபுரத்தில் பெயர் பெற்றன. பெயர்கள் நான்கும் குமரி மாவட்டத்து ஊர்கள். நாங்கள் காலையில் பஸ் ஏறிய வடசேரியும் அதில் ஒன்று.

இந்த ஏற்பாட்டின் வலி தெரிய அரண்மனையில் தேடிப் பயனில்லை, கதைப்பாட்டுக்குப் போக வேண்டும். 1729ல் ராம வர்மர் இறந்ததும் மருமகன் மார்த்தாண்ட வர்மர் பட்டத்துக்கு வந்தார். ராம வர்மரின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் உரிமை கேட்டார்கள். குமரிப் பகுதி வில்லுப்பாட்டில் இவர்கள்தான் வலிய தம்பி, குஞ்சுத் தம்பி. அவர்கள் தங்கையை ராஜா பெண் கேட்டதாகவும், பிறக்கும் பிள்ளைக்குப் பட்டம் தருவாயா என்று இவர்கள் திருப்பிக் கேட்டதாகவும் கதை போகிறது. சரித்திரமா புனைவா என்பது இருக்கட்டும். அந்த ஒரு கேள்வியில் இந்த வீட்டின் அஸ்திவாரமே இருக்கிறது. நாகர்கோவில் அரண்மனையில் தம்பிகள் இருவரும் கொல்லப்பட்டார்கள். மலையாளத்தில் சி.வி. ராமன் பிள்ளையின் நாவலில் (1891) ராஜாதான் நாயகன், தம்பிகள் வில்லன்கள். தமிழ் வில்லுப்பாட்டில் தம்பிகள் தெய்வம். அப்பா வழிச் சொத்து இயல்பென்று நினைக்கும் ஊர்க்காரர்கள் தம்பிகள் பக்கம் நின்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

அரண்மனைக்கு வெளியேயும் இந்த முறை இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் இருந்த மருமக்கள் வழியைத்தான் தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்று நையாண்டியாக எழுதினார். ஒருவரின் ஐந்தாவது மனைவி தன் பாட்டைச் சொல்லி அழுவதாக வரும். புருஷன் சம்பாத்தியம் அவன் மருமகனுக்கு, இவளுக்கும் பிள்ளைகளுக்கும் கடைசியில் ஒன்றுமில்லை. அம்மா கேட்ட கேள்விக்கு நேரான பதில் அதுதான். ரயிலில் திரும்பும்போது கதையைச் சொன்னேன். "அப்போ நாத்தனார் ராஜ்ஜியம்னு சொல்லு" என்றாள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல பக்கங்களில் சொன்னது அதுதான்.

சரி, ராணிகளாவது நன்றாக இருந்தார்களா? இங்கேதான் நான் போகும்போது கொண்டுபோன உற்சாகம் கொஞ்சம் அடங்கியது. ஆற்றிங்கலில் ஒரு காலத்தில் ராணிகளுக்குத் தனி நிலமும் தனி அதிகாரமும் இருந்தது உண்மை. உமயம்ம ராணி 1677 முதல் 1684 வரை வேணாட்டையே ஆண்டாள். 1721ல் ஆற்றிங்கல் ராணிக்குப் பரிசு கொண்டுபோன சுமார் 140 ஆங்கிலேயர்களை உள்ளூர்க்காரர்கள் கொன்றபோது, கம்பெனிக்காரர்கள் பேரம் பேசிக்கொண்டிருந்தது ஒரு பெண்ணோடுதான். அந்த அதிகாரத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தவர், அதே தாய்வழியில் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மர். 1744ல் கல்குளத்துக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் மாற்றியவரும், 1750ல் நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்தவரும் அவர்தான். அதன் பிறகு ராணியின் முக்கிய வேலை பிள்ளை பெறுவது.

பெண் குழந்தை இல்லாவிட்டால் வம்சம் அறும். அப்போது தத்தெடுப்பார்கள், முதலில் வடக்கே கோலத்துநாட்டுக் குடும்பத்திலிருந்து, பிறகு அதன் கிளையான மாவேலிக்கரையிலிருந்து. 1900ல் தத்து வந்த சேது லட்சுமி பாய்க்கு ஐந்து வயது நிறையவில்லை, சேது பார்வதி பாய்க்கு வயது அதைவிடக் குறைவு. இருவரும் ஓவியர் ரவி வர்மாவின் பேத்திகள். ஐந்து வயது நிறையாத பிள்ளையைப் பெற்றவளிடமிருந்து பிரித்து, நீதான் இனி இந்த நாட்டுக்கு அம்மா என்று உட்கார வைப்பது. தாய் வழி என்று சொல்லும்போது இந்தப் பெற்ற தாய்கள் யார் கணக்கிலும் வருவதில்லை.

1795ல் தலைநகரம் திருவனந்தபுரம் போய்விட்டது. பிறகு ஆண்ட ராணிகளுக்குத் தாய்க் கொட்டாரம் பூர்வீக வீடு மட்டும்தான். கௌரி லட்சுமி பாய் 1810ல் பட்டத்துக்கு வந்தாள், வயது பத்தொன்பது. 1813ல் சுவாதித் திருநாள் பிறந்ததும் அவள் ராணி இல்லை, மகனுக்காக ஆளும் ரீஜென்ட். 1815ல் இறந்துபோனாள். அடுத்து தங்கை பார்வதி பாய், அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. அக்கா 1812ல் அடிமைகளை வாங்கி விற்பதைத் தடை செய்தாள். ஆனாலும் அடிமைமுறை முழுதாக ஒழிய 1855 ஆனது. தங்கை 1817ல் கல்விச் செலவு அரசுடையது என்று ஆணையிட்டாள். பாடப்புத்தகத்தில் இவை இரண்டும் உண்டு. 1924 முதல் 1931 வரை ஆண்ட சேது லட்சுமி பாய் காலத்தில், 1925ல், நாயர்களிடம் மருமக்கத்தாயத்தை முடித்துவைத்த சட்டம் வந்தது. மறுவருஷம் நாஞ்சில் நாட்டு வேளாளர்களுக்கும். தாய்வழியால் ராணியான ஒருத்தியின் ஆட்சியிலேயே குடிமக்களுக்குத் தாய்வழி முடிந்தது.

பார்வதி பாயின் ஆட்சியில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுற்றிக் காட்டுபவர்கள் இதைச் சொல்வதில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்ட சாதிப் பெண்களும் மார்பை மறைக்கக் கூடாது. மன்றோ திவானாக இருந்தபோது, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது. 1822ல் கல்குளம், இரணியல் பக்கத்தில் அப்படிப் போட்டுக்கொண்டு வந்த பெண்களை அடித்துத் துணியைக் கிழித்தார்கள். கல்குளம் என்றால் எங்கோ இல்லை, இதே கோட்டை, இதைச் சுற்றிய ஊர்கள். 1823ல் பத்மநாபபுரம் கோர்ட் அந்தப் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கலகம் அடங்கவில்லை. 1829 பிப்ரவரியில் ராணியின் பேரில் அறிவிப்பு வந்தது: நாடார் பெண்கள் மேல்சீலை அணியக் கூடாது. இரண்டு மாதத்தில் சுவாதித் திருநாள் பட்டம் ஏற்றார், ராணியின் ரீஜென்ட் காலம் முடிந்தது.

அந்த அறிவிப்பை எழுதியது திவானா, நெருக்கியது மேல்சாதிக்காரர்களா என்று அவளுக்காக வாதாடலாம், ஆட்கள் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் சமாதானமில்லை. பதினான்கு வருஷம் ஆண்டவள் அவள். தாய்க் கொட்டாரத்தில் பூஜிக்கப்பட்ட தாய்மை கோட்டைச் சுவர் வரைக்கும்தான் செல்லுபடியானது. சுவருக்கு வெளியே பிள்ளைக்குப் பால் கொடுத்த பெண்ணுக்கு ஒரு முழத் துணிக்குச் சட்டம் வேண்டியிருந்தது. அடுத்த கலகம் 1858ல் வெடித்தது. கவர்னர் டிரெவெல்யன் சென்னையிலிருந்து நெருக்கியபின் 1859 ஜூலை 26ல் புது அறிவிப்பு வந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம். ஆனால் மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியக் கூடாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது.