நான்காவது புரோகிராம்

2005இல் நம் ஊரில் கணினி பற்றிய பேச்சு ஒரே ஒரு எண்ணைச் சுற்றிக்கொண்டிருந்தது: பத்தாயிரம். அன்றைய மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் தயாநிதி மாறன், பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு பிசி வந்தே ஆகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டே வந்தது. ஹெச்சிஎல் விட்ட மாடலின் விலை 9,990 ரூபாய். வயா பிராசசர், 128 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க், லினக்ஸ். கொல்கத்தாவில் ஜெனிடிஸ் நிறுவனம் ‘ஆமார் பிசி’யோடு இதே போட்டியில் இறங்கியது.

ஆனால் அந்தக் காலத்தில் காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கம் வாடகை ரூம்களில் எட்டிப்பார்த்தவர்கள் வேறொன்றைத்தான் பார்த்திருப்பார்கள். பெயரில்லாத கேபினெட், பக்கவாட்டு மூடி கழற்றியபடியே கிடக்கும், உள்ளே ஃபேன் சுற்றும். அசெம்பிள்டு பிசி. விலை 20,000 ரூபாயை ஒட்டி வரும். பாதி விலையில் ஒன்று கிடைக்கும்போது ஏன் இதை வாங்கினார்கள்?

பதில் ரிச்சி தெருவில் இருக்கிறது. செங்கல்பட்டு – பீச் ரயிலில் ஏறி எழும்பூரிலோ பார்க் ஸ்டேஷனிலோ இறங்கி, அண்ணா சாலையை ஒட்டிய அந்தச் சந்துக்குள் நுழைந்தால், கணினி என்பது ஒரு பொருளல்ல, ஒரு பட்டியல். போர்டு ஒரு கடை, ரேம் ஒரு கடை, மானிட்டர் செகண்ட் ஹேண்டில். 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. 2005க்குள் கணினிக்கும் பாகங்களுக்கும் சுங்க வரி படிப்படியாகப் பூஜ்யத்துக்கு வந்தது. செலரான், டியூரான், செம்ப்ரான் என்று இன்டெலும் ஏஎம்டியும் மலிவு பிராசசர்களை இறக்கின. காசு இருக்கும் அளவுக்கு இன்று வாங்கு, ரேமை தீபாவளிக்குப் பார்த்துக்கலாம். இஎம்ஐ தராதவர்களுக்கு அந்தத் தெரு தந்த தவணைத் திட்டம் அது.

இது புதிய தந்திரமுமல்ல. 1980இல் பிரிட்டனில் சின்க்ளேரின் இசட்எக்ஸ்80 கணினி 99.95 பவுண்டுக்கு வந்தது. பாகங்களாக வாங்கி நீங்களே பற்றவைத்தால் 79.95. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் 20 பவுண்டு மிச்சம்! அறிவுக்கு விலைப்பட்டியலிலேயே தள்ளுபடி.

நம்ம பக்கம் அந்தத் தள்ளுபடி ரிப்பேரில் கிடைத்தது. 2000களின் முற்பகுதியில் உலகம் முழுக்க மலிவு மதர்போர்டுகளில் ஒரு வியாதி. கெப்பாசிட்டருக்குள் இருந்த திரவம் தரமில்லாததால் அவை வீங்கி வெடித்தன. மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகும். எங்கள் ரூம் போர்டுக்கும் அது வந்தது. தாம்பரத்தில் டிவி ரிப்பேர் பார்க்கும் ஒரு அண்ணன், “போர்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, நாலு கெப்பாசிட்டர்தான் போயிடுச்சு” என்று மாற்றிக்கொடுத்தார். அதன்பிறகும் இரண்டு வருடம் ஓடியது.

இப்போது அதே ஆண்டுகளின் இன்னொரு வகை மலிவைப் பாருங்கள். 2005இல் மைக்ரோசாஃப்ட் இந்தியாவில் எக்ஸ்பி ஸ்டார்ட்டர் எடிஷனை வெளியிட்டது. முதல் கணினி வாங்கும் வீடுகளுக்கான விலை குறைந்த விண்டோஸ். ஒரே நேரத்தில் மூன்று புரோகிராம்கள்தான் திறக்கும். மெஷினால் முடியாது என்பதால் அல்ல. நீ குறைவாகக் கொடுத்தாய், அதனால் நான்காவது கிடையாது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. வீட்டில் முதல் கணினியாக அது நுழைந்த குடும்பங்கள் ஏராளம். அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது. தொடக்கத்தில் அதில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தன. அந்த ஸ்டார்ட்டரில் டெஸ்க்டாப் படத்தை மாற்றும் வசதியே கிடையாது. மறுபக்கம் லினக்ஸில் எதையும் மாற்றலாம். ஆனால் காட்டித்தர பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஆக, ஒரு கணினியை இரண்டு விதமாக மலிவாக்கலாம். உரிமையாளரால் செய்யக்கூடியதைக் குறைத்து மலிவாக்கலாம். அல்லது, அதைத் திறக்கவிட்டு, உழைப்பையும் கற்றலையும் அவர் பக்கம் தள்ளி மலிவாக்கலாம். முதலாவது சீக்கிரம் கைக்கு வரும். இரண்டாவதில் கைக்கு வந்தபிறகும் விலை இறங்கிக்கொண்டே இருக்கும்.

இன்று பொத்தேரியில் இறங்கும் மாணவர்கள் பையில் வைத்திருக்கும் மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. எட்டு ஜிபி வாங்கினால் கடைசிவரை எட்டுதான். தீபாவளிக்குப் பார்த்துக்கலாம் என்ற பேச்சே இல்லை. அடுத்தமுறை ஆஃபரில் ஒன்றைப் பார்க்கும்போது விலையோடு இன்னொன்றையும் கேளுங்கள்: “அண்ணே, இதுல ரேம் ஸ்லாட் இருக்கா?” கடைக்காரர் யோசித்தால், அந்த ஆஃபரில் நீங்களும் ஏதோ கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.