கொழுந்துக் கூடையும் கிராணியின் நாற்காலியும்



கேமரன் மலைக்கு வருகிறவர்கள் தேயிலைச் சரிவுகளைப் பார்த்து, பச்சைப் பாய் விரித்தாற்போல் இருக்கிறதே என்று வியப்பார்கள். தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்த நமக்கு அந்தப் பாயின் இரகசியம் தெரியும். தேயிலை இயற்கையில் ஒரு மரம். வெட்டாமல் விட்டால் மூன்று ஆள் உயரத்துக்கும் மேலே போய்விடும். அதைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கவாத்து வெட்டி, இடுப்பளவுக்கு நிறுத்தி வைக்கிறோம். எதற்காக? இளங்கொழுந்து நிறையத் துளிர்க்க வேண்டும் என்பது ஒரு காரணம். கொழுந்து பறிக்கும் கைக்கு எட்ட வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

அதாவது, மனிதனுடைய கைக்கு ஏற்றாற்போல் ஒரு மரத்தையே குட்டையாக்கியிருக்கிறார்கள். மரத்துக்குக் காட்டிய இந்த அக்கறையை, கொழுந்து சுமந்த கூடைக்கும், ஆபீசில் கிராணி உட்கார்ந்த நாற்காலிக்கும் காட்டினார்களா? இன்று நாம் பார்க்கப்போவது இந்தக் கேள்வியின் வரலாறு.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதிக்கு வந்து குறிப்பெழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் அகர்வால் குடும்பத்தார் பாரத் தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். காடு வெட்டவும், கன்று நடவும், கொழுந்து பறிக்கவும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர் உழைத்தார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கு உதவித்தொகையில் ஆளனுப்புவதை நிறுத்தியது. அதன் பிறகு தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளே தோட்டத்தின் ஆள்பலமாக ஆனார்கள்.

அந்த உழைப்பு எத்தகையது? ஒரு கிலோ தேயிலைத் தூள் கிடைப்பதற்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். கடையில் நாம் வாங்கும் 250 கிராம் பொட்டலத்துக்குப் பின்னால், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட கொழுந்தை யாரோ ஒருவர் முதுகில் சுமந்திருக்கிறார். நிரப்பான தரையிலா சுமந்தார்? மழையில் வழுக்கும் சரிவிலே, ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நின்று, இரண்டு கைகளும் ஓயாமல் பறிக்க, கூடை நிறைய நிறைய முன்பக்கம் குனிந்து சுமந்தார்.

மாலையில் கொழுந்தை நிறுப்பார்கள். கிராணி செக்ரோலில் எடையைக் குறித்துக்கொள்வார். எத்தனை கிலோ என்பது கணக்கில் ஏறியது. இடுப்பு வலியால் ஒருவர் பெரட்டுக்கு வராவிட்டால், அன்றைய பெயர் வெட்டுப்பட்டது. ஆனால் அந்த வலி எதனால் வந்தது என்று எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை. அதைப் பாட்டி தைலம் தடவி வீட்டுக் கணக்கில் எழுதிக்கொண்டார்.

சரி, எழுதிய கிராணி சுகமாக இருந்தாரா? 'வெயிலும் மழையும் படாத வேலை, நாற்காலி வேலை' என்று நாம் அவரைப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். நம் பிள்ளையும் படித்து அப்படி உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டோம். அந்த ஆசையில் தவறில்லை. ஆனால் நாற்காலி வேலைக்கும் நோய் உண்டு என்பதை உலகம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது.

இத்தாலியில் பெர்னார்தினோ ராமசினி என்ற மருத்துவர் இருந்தார். 1700ஆம் ஆண்டில் அவர் தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று சொன்னவர் அவர். 1713இல் அந்த நூலை விரிவாக்கியபோது, கணக்கெழுதுவோரைப் பற்றித் தனியே ஒரு பகுதி சேர்த்தார். அவர்களுடைய நோய்க்கு மூன்று காரணங்களைக் கூறினார். ஓயாமல் உட்கார்ந்திருப்பது, கை ஒரே திசையில் இடைவிடாமல் அசைவது, கணக்குத் தவறி முதலாளிக்கு நட்டம் வந்துவிடுமோ என்ற மனக்கவலை. எழுதி எழுதி வலக்கை செயலிழந்துபோன ஒருவர், இடக்கையால் எழுதப் பழகினாராம். சில காலத்தில் இடக்கைக்கும் அதே நோய் வந்துவிட்டது.

கிராணியின் கைக்கும், ராமசினி கண்ட கைக்கும் என்ன வேறுபாடு? கொழுந்து பறித்த கைக்கும்தான் என்ன வேறுபாடு? ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால், பேனா பிடித்த கையும் நோகும், கொழுந்து கிள்ளிய கையும் நோகும். 1908இல் பிரிட்டன், தந்தி அடிப்பவர்களுக்கு வரும் கைப்பிடிப்பை இழப்பீடு பெறத் தக்க நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 'இது சோம்பேறியின் சாக்கு அல்ல, வேலையால் வந்த நோய்' என்று சட்டம் ஒப்புக்கொண்டது.

வேலையை உடலுக்கு ஏற்றபடி அமைக்கும் இந்த அறிவுக்கு ஒரு பெயரும் உண்டு. போலந்து நாட்டு அறிஞர் யாஸ்ட்ஷெம்போவ்ஸ்கி 1857இல் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 'எர்கோனாமிக்ஸ்' என்ற பெயரை ஆக்கினார். வேலையின் நியதி என்பது பொருள். அது மறந்து கிடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949இல், பிரிட்டனில் மரெல் என்பவரும் அவருடைய தோழர்களும் அதே பெயரில் ஓர் ஆராய்ச்சிச் சங்கம் அமைத்தார்கள். தமிழில் இதைப் பணிச்சூழலியல் என்கிறார்கள். பெயர் பெரிதாக இருந்தாலும் கருத்து சிறியதுதான். சட்டையை உடம்புக்கு அளவெடுத்துத் தைக்கிறோம், உடம்பைச் சட்டைக்காக வெட்டுவதில்லை அல்லவா? வேலையும் அப்படித்தான்.

'இதற்கெல்லாம் செலவு ஆகுமே, விளைச்சல் குறையுமே' என்று சிலர் சொல்வார்கள். நம்மைப் போன்ற விவசாயத் தொழிலாளர்கள் அமெரிக்காவில் இதே பதிலைக் கேட்டார்கள். கலிபோர்னியா மாநிலத்தின் கீரைத் தோட்டங்களில், இரண்டடிக்கும் குறைவான கைப்பிடி கொண்ட களைகொத்தியைக் கொடுத்து வேலை வாங்கினார்கள். நாள் முழுவதும் இரண்டாக மடிந்து குனிய வேண்டும். நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்யவில்லை என்று மேற்பார்வையாளர் தூரத்திலிருந்தே கண்டுகொள்ளலாம். தொழிற்சங்கத் தலைவர் சீசர் சாவேஸ் இளமையில் அதைப் பிடித்தவர், முதுகு வலியால் துன்பப்பட்டவர். நீண்ட கைப்பிடி கொடுத்தால் பயிர் கெடும் என்று தோட்ட முதலாளிகள் வாதாடினார்கள். 1975இல் அந்த மாநிலம் குட்டைக் களைகொத்தியைத் தடை செய்தது. பயிர் கெடவில்லை. கீரை முன்போலவே சந்தைக்குப் போயிற்று, தொழிலாளி மட்டும் நிமிர்ந்தான். ஒரு கம்பு கூடுதல் நீளமாக இருந்திருந்தால், எத்தனை முதுகுகள் பிழைத்திருக்கும்!

இனி நம் மலைக்குத் திரும்புவோம். தோட்டத்துப் பிள்ளைகள் பட்டணங்களுக்குப் போகப்போக, கேமரன் மலையில் கொழுந்து பறிக்க ஆள் குறைந்தது. கை செய்த வேலையைக் கத்தரி செய்யத் தொடங்கியது. பிறகு, இரண்டு பேர் இருபுறமும் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்தது. இன்று செங்குத்தான சரிவுகளில்தான் கைவேலை நிற்கிறது. இயந்திரம் விரல்களுக்கு ஓய்வு கொடுத்தது உண்மை. ஆனால் கத்தரி மணிக்கட்டையும் தோளையும் வருத்தும். இயந்திரம் கைகளில் அதிர்வையும் காதில் இரைச்சலையும் ஏற்றும். புதுக் கருவி வந்துவிட்டது என்பதற்காகப் பழைய கேள்வி மறைந்துவிடாது. பிடி கைக்கு அடங்குகிறதா, சுமை இருவருக்கும் சமமாக இருக்கிறதா, நடுவில் ஓய்வு உண்டா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கேட்பதற்கு இன்று சட்டமும் துணை நிற்கிறது. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், 1971இல் சொக்சோ தொடங்கியது. வேலையில் ஏற்படும் விபத்துக்கு மட்டுமன்றி, வேலையால் வரும் நோய்க்கும் அதில் இடமுண்டு. இன்று தோட்டங்களில் நமக்குப் பதிலாக உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும், 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு கிடைத்தது. 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. தொழிலாளியின் பாதுகாப்பையும் நலத்தையும் காப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. ஆபத்தைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 1996இல் ஆபீஸ் பாதுகாப்புக்கும், 2003இல் உட்கார்ந்து செய்யும் வேலைக்கும் அரசாங்கம் வழிகாட்டிகள் வெளியிட்டது. 2017இல் பணிச்சூழலியல் ஆபத்துகளைக் கணிக்கும் முறைக்கும் ஒரு வழிகாட்டி வந்தது.

நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டியின் முதுகில் கூடை இருந்தது. பேத்தியின் முதுகில் ஒன்றும் இல்லையே என்று நினைக்கிறோம். மனிதத் தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. நிமிர்ந்திருக்கும்போது முதுகெலும்பு அதைத் தூண்போல் தாங்கிக்கொள்ளும். திரையைப் பார்க்கத் தலையை முன்னால் நீட்டினாலோ, கழுத்துத் தசைகள் அதை நாள் முழுவதும் இழுத்துப் பிடிக்க வேண்டும். நீர் நிறைந்த வாளியை உடம்போடு ஒட்டிப் பிடிப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. பேத்தியும் ஒரு கூடை சுமக்கிறாள், அது நம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அதன் செலவை யார் கொடுக்கிறார்கள்? மருந்துச் செலவும் வைத்தியசாலைக்குப் போய்வரும் செலவும் குடும்பத்துக்கு. விடுப்பு நாட்களும், வலியோடு செய்யும் வேலையில் நேரும் பிழைகளும், பழகிய ஆள் விலகினால் புது ஆளைப் பழக்கும் செலவும் முதலாளிக்கு. நல்ல நாற்காலி வாங்காமல் மிச்சம் பிடித்த பணம், வேறு வாசல் வழியாக வெளியே போய்விடுகிறது. நாற்காலியின் விலை ரசீதில் தெரிகிறது. வலியின் விலைக்கு யாரும் ரசீது எழுதுவதில்லை. அதனால்தான் அது மலிவுபோல் தோன்றுகிறது.

திருத்தத்துக்குப் பெரும் பணம் வேண்டும் என்பதும் இல்லை. அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1996இல் வேலையிடங்களுக்கும், 2012இல் விவசாயத்துக்கும், எளிய திருத்தங்களைப் படத்தோடு விளக்கும் நூல்களை வெளியிட்டது. அவற்றில் பலவும் கையில் இருக்கும் பொருளைக் கொண்டே செய்யக்கூடியவை.

திரையின் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக, ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். தாழ்ந்திருந்தால் அடியில் கெட்டியான புத்தகங்களை வைக்கலாம். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் ஒரு பலகை போதும். இடுப்பின் வளைவுக்குப் பின்னால் மடித்த துண்டை வைக்கலாம். முழங்கை மேசை உயரத்துக்குச் சமமாக, உடம்பை ஒட்டி இருக்கட்டும். எவ்வளவு நல்ல நாற்காலியானாலும், அரைமணிக்கு ஒரு தரம் எழுந்து நாலடி நடக்க வேண்டும். தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி வேலை வாங்கக் கூடாது, குறைந்தது அரைமணி இடைவேளை வேண்டும் என்று 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. அந்த இடைவேளையை விட்டுக்கொடுக்காதீர்கள். தோட்டத்தில் உழைப்பவர்கள் கூடையை ஒரே தோளில் மாட்டாமல் இரு தோளுக்கும் பகிர்ந்து மாட்டுங்கள். நிறையும் வரை காத்திராமல் அடிக்கடி இறக்குங்கள்.

வலி வந்தால் 'வேலை என்றால் வலி இருக்கத்தான் செய்யும்' என்று பொறுத்துக்கொண்டே இராதீர்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். மருத்துவரிடம் போகும்போது, எங்கே வலிக்கிறது என்பதோடு, என்ன வேலை செய்கிறோம், எத்தனை மணி நேரம் எப்படிச் செய்கிறோம் என்பதையும் சொல்லுங்கள். ராமசினி கேட்கச் சொன்ன கேள்விக்கு, மருத்துவர் கேட்காவிட்டாலும் நாமே பதில் சொல்லிவிடலாம். அது மருத்துவச் சீட்டில் ஏறினால், பின்னால் சொக்சோவில் உரிமை கேட்கவும் உதவும்.

செக்ரோலில் நம் பாட்டியின் கொழுந்து எடை எழுதப்பட்டது, அவருடைய வலி எழுதப்படவில்லை. பேத்தியின் காலத்திலாவது அந்த வரி எழுதப்படட்டும். ஒரு மரத்தையே மனிதனுடைய இடுப்பளவுக்கு நிறுத்தி வைக்கத் தெரிந்த மலை இது. ஒரு நாற்காலியை மனிதனுக்கு ஏற்ற உயரத்தில் வைப்பது அதைவிடக் கடினமான வேலையா?