மழையைத் தலையில் தாங்கும் தளம்

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஊரெல்லாம் தெருவில் நின்ற தண்ணீரைப் பற்றிப் பேச்சு. பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கோ தெருவைவிடத் தலைக்கு மேல் இருக்கும் தளத்தைப் பற்றித்தான் பெரிய கவலை.

அந்தத் தளத்துக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர். பெயர் சென்னையுடையது என்றாலும், புதுச்சேரிக்கு அது அந்நியமல்ல. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ள பிரெஞ்சு மாளிகைகளிலும், மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் வைத்த தமிழ் வீடுகளிலும் இதே தளம்தான். மேலே உலவ மொட்டைமாடி, கீழே ஈரம் இறங்காத அறை. இந்த இரண்டையும் ஒரே கட்டுமானத்தில் கொடுத்த கைவேலை அது.

கீழே இருக்கும் அறை காய்ந்து கிடப்பது ஒரு காலத்தில் இந்த ஊருக்குப் பிழைப்புச் சங்கதி. புதுச்சேரி துணி வணிகத்தில் வளர்ந்த ஊர். அந்நாளில் ஐப்பசி, கார்த்திகையில் புயலுக்கு அஞ்சிச் சோழமண்டலக் கரையில் கப்பல்கள் நின்றதில்லை. ஒதுங்கவும் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பலைத் தவறவிட்ட சரக்கு, ஆண்டின் பெருமழை கொட்டும் அதே மாதங்களில் கிடங்கிலேயே கிடக்க வேண்டியிருந்தது. ஒரு மூலையில் கசிந்தாலும் போதும், துணிமூட்டை பூசணம் பூத்துவிடும்.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸின் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையும் வணிகர்தான். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அவர் பெயரிலேயே உள்ள தெருவில் நிற்கிறது அவரது வீடு. கீழ்த்தளத்தில் தமிழ்ப் பாணி மரத் தூண்கள், மேல்தளத்தில் பிரெஞ்சுப் பாணி வெள்ளைத் தூண்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் ஊர் விழுந்தது. அவர்கள் நகரைத் தரைமட்டமாக்கினார்கள். அந்த அழிவிலிருந்து தப்பிய வீடுகள் மிகச் சில, அவற்றுள் இது ஒன்று. இன்று நாம் பார்க்கும் பழைய நகரம் பெரும்பாலும் 1765-க்குப் பிறகு மீண்டும் எழுந்தது.

அந்தப் பழைய நகரத்தின் வீடுகளுக்குத் தளம் போட்ட விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம், அதன் மேல் நெருக்கமாகச் சிறு கட்டைகள். அவற்றின் மேல் டெரஸ் செங்கல். சாதாரணச் செங்கல் அல்ல. சுமார் 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலக் கனம் மட்டுமே உள்ள பொடிச் செங்கல். அதைப் படுக்க வைப்பதில்லை. குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவை தடவி, அறையின் ஒரு மூலையில் தொடங்கிச் சாய்வாக வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டு கிடையாது. ஒரு கல் அடுத்த கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவை, சுமார் 3 அங்குலம். இங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துத் தட்ட வேண்டும். கலவை இறுகி, கட்டை பதியாமல் துள்ளி எழும்வரை தட்டல் நிற்காது. ஜல்லிக்கு இடையே உள்ள பொத்தல்கள் அடைபட்டு, தண்ணீர் நுழைய வழியில்லாமல் போவது இந்தத் தட்டலால்தான். பிறகு தட்டோடு பதித்து, வாட்டம் பார்த்து, மழைநீரைத் தூம்புக்குத் திருப்பிவிடுவார்கள். நீர் நிற்காமல் ஓட வேண்டும் என்பதே எல்லாவற்றுக்கும் முதல் காப்பு.

கடலோரத்தில் கிளிஞ்சல் சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்பு மெல்ல இறுகும், காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்வாங்கி ஆண்டுக்கணக்கில் கெட்டிப்படும். மரம் மழையில் விரிந்து வெயிலில் சுருங்கும்போது, சுண்ணாம்பும் ஓரளவு வளைந்துகொடுக்கும். சிமெண்ட் அப்படி வளையாது. இதை மறந்து, ஒழுகுகிறதென்று பழைய தளத்தின் மேல் சிமெண்டைப் பூசியவர்கள் ஏராளம். பூச்சில் மயிரிழை விரிசல் விழும், தண்ணீர் உள்ளே இறங்கும், வெளியேற வழியின்றித் தேங்கும். சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்தின் முனை யார் கண்ணிலும் படாமல் உளுத்துப்போகும். கீழே இருப்பவருக்குத் தெரிவது கூரையில் ஒரு பழுப்புக் கறை மட்டும்தான். அந்தக் கறைக்கு வெள்ளையடித்துவிட்டு நிம்மதியாக இருப்பதுபோல் ஆபத்து வேறில்லை.

பழைய கட்டடம் ஒன்று சரிவதையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. 1870-களின் தொடக்கத்தில் எழுந்த மேரி கட்டடம் 2014 நவம்பர் 29 அன்று, மழைக்காலத்தின் நடுவில் சரிந்தது. கடற்கரைச் சாலையின் முகமாக இருந்த நகராட்சிக் கட்டடம் அது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள்.

மழையைத் தடுக்க இதே ஊரில் வேறொரு வழியும் உண்டு. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதியைக் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தார். வேலை 1937-இல் தொடங்கியது. நாட்டின் ஆரம்பகாலக் கான்கிரீட் கட்டடங்களில் ஒன்று அது. அங்கே சமதளக் கான்கிரீட் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கியிருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையே காற்று ஓடும் இடைவெளி. மழையும் வெயிலும் முதலில் அந்த ஓட்டோடு மோதும், கீழ்த்தளத்தில் நேராக விழுவதில்லை. சுண்ணாம்புத் தளம் தட்டலில் இறுகி நீரைத் தடுத்தது, கோல்கொண்ட் தன் தளத்தின் மேல் ஒரு குடை விரித்தது.

மெட்ராஸ் டெரஸுக்கோ ஆள் வேண்டும். ஆடி, ஆவணியில் ஒருவர் ஏணி வைத்து மாடிக்கு ஏறி, தூம்பில் அடைத்த வேப்பிலையை வழித்து, தட்டோட்டுச் சந்துகளில் முளைத்த அரசங்கன்றை வேரோடு பிடுங்கி, உடைந்த ஓட்டை மாற்றி, சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டு இறங்க வேண்டும். மேற்குப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் இன்றும் அந்த ஏணி முற்றத்தின் ஓரத்தில் சாய்த்தபடியே இருக்கிறது.